தொண்ணூறு நாளுக்கு ஒரு ஸ்தோத்திரக் காணிக்கை

அசரியா சார் மேற்குத் தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். எங்கள் சபைப் பாடகர் குழுவில் அடிக்குரல் அவருடையது. எப்போதும் கிராம்பு மென்றுகொண்டிருப்பார், பல்வலி என்பார். பதினெட்டு வருஷமாகவா ஒரு மனிதனுக்குப் பல் வலிக்கும்? யாரும் கேட்கவில்லை. அவர் குடிப்பது அவர் மனைவி ஞானஜோதிக்கு மட்டும்தான் தெரியும். அந்த அம்மாவும் வாயைத் திறக்காமல் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டே காலத்தை ஓட்டிவிட்டார்.

எனக்குத் தெரிய வந்தது 2005 ஜூன் மாதத்தில், கேளம்பாக்கத்தில். குடியை விட நினைப்பவர்கள் வியாழக்கிழமைதோறும் அங்கே ஒரு டியூஷன் சென்டரில் கூடுவார்கள். நான் போக ஆரம்பித்து அப்போது ஒரு வருஷம் ஆகியிருந்தது. முதன்முதலில், பேப்பரில் வந்த நம்பருக்கு எஸ்.டி.டி. பூத்திலிருந்து போன் செய்தபோது, "உங்களுக்குப் பக்கம்னா தாம்பரம்தான் சார், சர்ச் ஹால்ல நடக்குது" என்றார்கள். அது எங்கள் சபை மண்டபம். நானோ சபைச் செயலாளர். அதனால்தான் வண்டலூர் வழியாக பஸ் பிடித்து, ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றுகொண்டே போனேன். ஆபீசில் கணக்கு முடிக்க லேட்டாகும் என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தேன்.

அசரியா சாரும் அதே காரணத்துக்காக அவ்வளவு தூரம் வந்திருந்தார். என்னைப் பார்த்ததும், வாசலில் கழற்றிய செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டார்.

கூட்டத்தை நடத்தும் ஜெயவேலு கோவளத்தில் மீன் பிடிப்பவர். அவர்தான் வாசலிலேயே மறித்தார். "இன்னா சார், ரெண்டு பேரும் ஒரே ஏரியாவா? நல்லதாப் போச்சு. ஒருத்தரை ஒருத்தர் கூட்டிகினு வந்துடுவீங்க. இங்க பாத்த மூஞ்சிய வெளிய சொல்லக் கூடாது, அவ்ளோதான்."

அன்று அசரியா சார் எழுந்து, "என் பேர் அசரியா, நான் ஒரு குடிநோயாளி" என்றபோது, கோயிலில் கேட்கும் அந்தக் குரலா இது என்றிருந்தது. அடுத்த வாரம் முதல் ஒன்றாகப் போனோம். பஸ்ஸில் சீட் கிடைத்தால் மாற்றி மாற்றி உட்கார்ந்துகொள்வோம். எனக்கு அப்படி ஒரு சிநேகிதன் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. கூட்டத்துக்குப் போவதை மனைவியிடம் சொல்லிவிட்டதாக ஒரு நாள் சொன்னார். "உங்க பேரைச் சொல்லல சார்" என்று உடனே சேர்த்துக்கொண்டார். நான் என் வீட்டில் சொல்லவில்லை.

தொண்ணூறு நாள் ஆயிற்று.

எங்கள் சபையில் ஒரு வழக்கம். நல்லது நடந்தால் காணிக்கையைக் கவரில் போட்டு, மேலே காரணத்தை எழுதிக் கொடுப்பார்கள். ஆராதனையில் அதைச் செயலாளர் மைக்கில் வாசிக்க வேண்டும். பிறந்தநாள், மகளுக்கு வேலை, பேரனுக்குக் காய்ச்சல் நீங்கியது. அந்த ஞாயிற்றுக்கிழமை ஐந்தாவதாக எடுத்த கவரில் ஞானஜோதியின் கையெழுத்து. 'என் கணவர் அசரியா, கர்த்தரின் கிருபையால் குடிப்பழக்கத்தை விட்டுத் தொண்ணூறு நாட்கள் நிறைவடைந்தமைக்காக.'

'பெற்ற நன்மைகளுக்காக' என்று மட்டும் வாசித்துவிட்டு அடுத்த கவருக்குப் போயிருக்கலாம். அதற்கு எனக்கு ஒரு விநாடி அவகாசம் இருந்தது. ஆனால் மூன்றாவது வரிசையில் அந்த அம்மா சிரித்த முகமாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏன் மறைத்தீர்கள், உங்களுக்கு என்ன தெரியும் என்று கேட்டுவிட்டால்? பயத்தில் ஒரு எழுத்து விடாமல் வாசித்தேன்.

முந்நூறு தலைகளும் பாடகர் குழுப் பக்கம் திரும்பின. அசரியா சார் என்னைத்தான் பார்த்தார். அடுத்த பாட்டுக்கு எல்லோரோடும் எழுந்து நின்றார், வாய் அசையவில்லை.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் வரைக்கும் விஷயம் தெரிந்திருந்தது. அந்த வியாழன் பஸ் ஸ்டாண்டில் நான் தனியாக நின்றேன். அவர் வரவில்லை. குடிக்க ஆரம்பித்துவிட்டார் என்று அடுத்த வாரம் கேள்விப்பட்டேன்.

"நீதான் சார் போய் இட்டாரணும். அவுரு வூடு ஒனக்குத்தான் தெரியும்" என்று ஜெயவேலு நான்கு வாரம் சொல்லிப் பார்த்தார். சிட்லபாக்கத்தில் அசரியா சார் வீடு எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. போனால் நானும் அந்தக் கூட்டத்து ஆள்தான் என்று ஞானஜோதிக்குத் தெரிந்துவிடும். வெளியே சொல்லக் கூடாது என்பதுதானே விதி என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கேவலமான சமாதானம்.

அடுத்த மார்ச்சில், ஆராதனை முடிந்ததும் அந்த அம்மா என்னைத் தேடி வந்தார். சேலை கசங்கியிருந்தது, ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்திருக்கிறார்.

"சார், கண்ணெல்லாம் மஞ்சளாயிடுச்சு. சாப்பிட மாட்டேங்கிறாரு, யார்கிட்டயும் பேச மாட்டேங்கிறாரு. அந்தக் கூட்டத்துல அவருக்கு ஒரு ஃப்ரெண்ட் இருந்தாராம். அவர் வந்து ரெண்டு வார்த்தை பேசினா போதும் சார். பேரைக் கேட்டா, சொல்லக் கூடாது, சொல்லக் கூடாதுன்னு சுவத்துப் பக்கம் திரும்பிக்கிறாரு. உங்களுக்கு நாலு பேரைத் தெரியும். யாருன்னு கொஞ்சம் விசாரிச்சுச் சொல்வீங்களா?"

"விசாரிக்கிறேம்மா" என்றேன்.

என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பதினோரு நாள் கழித்து, அடக்க ஆராதனையின் அறிவிப்பையும் நான்தான் மைக்கில் வாசித்தேன்.