நைட் ஷிப்ட் முடித்துத் தூங்குபவர்

நெய்வேலி குவார்ட்டர்ஸில் வளர்ந்த பிள்ளைகளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்காமலே தெரிந்த சட்டம் ஒன்று உண்டு. நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கும் மனிதரை எழுப்பக் கூடாது. வீடு பற்றி எரிந்தாலும் இரண்டு முறை யோசித்துவிட்டுத்தான் எழுப்ப வேண்டும். அப்பாவுக்கு நைட் என்றால் எங்கள் வீட்டில் காலிங் பெல் ஒயரைக் கழற்றிவிடுவோம். அவர் படுக்கும் அறை ஜன்னலில் கறுப்புத் தாள் ஒட்டியிருக்கும். குக்கர் விசில் அடிப்பதற்குள் அம்மா ஓடிப்போய் அடுப்பை அணைப்பாள். டிவியைச் சத்தமில்லாமல் பார்த்தே வளர்ந்தவள் நான். பாதி நடிகர்களின் குரல் எப்படி இருக்கும் என்பதே காலேஜ் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. இதையெல்லாம் வெளியூர் சிநேகிதிகளிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். இப்போது சொல்வதில்லை.

நானும் என் கணவரும் ஜெர்மனிக்குக் கிளம்பிய நாள் அது. மேற்படிப்பு எனக்கு, அவர் இருந்த வேலையை விட்டுவிட்டு எனக்குத் துணையாக வருகிறார். எங்கள் பிளாக்கின் வாய்க்கு இது ஒன்று போதாதா? “பொண்டாட்டி படிக்கப் போறா, மாப்ள சமைக்கப் போறாரு” என்று ஒரு வாரமாக ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அவரும் சளைக்காமல், “சாம்பார்ப் பொடி அரைச்சாச்சுங்க” என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்பாவுக்குச் சுரங்கத்தில் ஆபரேட்டர் வேலை. லீவு போடுங்கள் என்று நான் எவ்வளவோ கெஞ்சினேன். “நைட்டு முடிச்சிட்டு வந்து ஒரு தூக்கம் போட்டன்னா போதும். மெட்ராஸ் வரிக்கும் வந்து உங்கள ஏத்தி வுட்டுட்டு, மறுநாளு டியூட்டிக்கு வந்துடுவேன்” என்றார். அவர் பிடிவாதம் ஊரறிந்தது. அதில் எனக்கும் பங்கு வந்திருக்கிறது என்று அம்மா சொல்வாள்.

காலையில் வந்தவர், அம்மா நீட்டிய காபியை வாங்கியதும் டம்ளரை நழுவவிட்டார். சட்டையெல்லாம் காபி. ஏதோ சொன்னார், நாக்கு குழறியது. என்னைப் பார்த்தபோது வாய் ஒரு பக்கமாக இழுத்தது போல இருந்தது. சிரிக்கிறார் என்று நினைத்து நானும் சிரித்தேன்.

“தூக்கக் கலக்கம். போய்ப் படுங்க மொதல்ல” என்றாள் அம்மா.

வேறு ஊர்க்காரர் யாராவது பக்கத்தில் இருந்திருந்தால் பயந்து கூச்சல் போட்டிருப்பார். எங்களுக்கு அது தினசரிக் காட்சி. நைட் முடித்து வரும் ஆண்களுக்குக் கால் பின்னும், பேச்சு குழறும், கையில் இருப்பது நழுவும். தூங்கி எழுந்தால் சரியாகிவிடுவார்கள். அப்படித்தான் நாங்கள் பார்த்துப் பழகியிருந்தோம்.

அதற்குப் பிறகு வீட்டில் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பெட்டியில் முந்திரிப் பருப்பை அடுக்கிக்கொண்டிருந்தேன்; காது மட்டும் அந்த அறையிலேயே இருந்தது. அப்பாவின் குறட்டை அடுத்த வீட்டுக்கே கேட்கும். அன்று கேட்கவே இல்லை. அம்மாவிடம் சொன்னேன்.

“மனுஷன் நிம்மதியா தூங்கறது உனக்குப் பொறுக்கலியா?” என்றாள்.

மதியம் கார் வந்தது. நான் அறைப் பக்கம் போனதும் அம்மா தடுத்தாள். “எழுப்பாத. எழுந்தாருன்னா நானும் வந்தே தீருவேன்னு நிப்பாரு. இந்த ஒடம்ப வச்சிக்கினு போயி வர முடியுமா? போன்ல பேசிக்க.”

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. இருந்தாலும் மனசு கேட்காமல் உள்ளே போனேன். இருட்டில் அப்பா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். மூச்சு ஏறி இறங்கியது. காலைத் தொட்டுக் கும்பிடக் குனிந்தேன். அம்மா என் முழங்கையை வெடுக்கென்று பிடித்து இழுத்தாள்.

“படுத்துக்கினு இருக்கறவங்க கால்ல வுழுவாங்களா? அறிவில்ல உனுக்கு?”

அப்படி யாருடைய காலில் விழுவார்கள் என்று எனக்கும் தெரியும். அந்த நேரம் அப்பாவின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. இடது கை விரல்கள் போர்வையைப் பிறாண்டின.

“பொரள்றாரு. முழிச்சிடப் போறாரு, வா வெளிய” என்றாள்.

என் கணவர் சக்கரம் வைத்த பெட்டிகளை உருட்டாமல் தோளில் தூக்கிக்கொண்டு படியிறங்கினார். கார்க் கதவைக்கூட அறைந்து சாத்தாமல், சத்தம் வராதபடி அழுத்தித்தான் சாத்தினோம்.

பண்ருட்டி தாண்டியதும் போன் செய்தேன். “இன்னும் தூங்கறாரு” என்றாள் அம்மா. அதற்கப்புறம் அவள் போனை எடுக்கவில்லை. திண்டிவனத்தில் எடுக்கவில்லை, விமான நிலையத்தில் எடுக்கவில்லை, எதிர் வீட்டுக்காரர்களுக்குப் போட்டால் அவர்களும் எடுக்கவில்லை. “சார்ஜ் போயிருக்கும்” என்றார் கணவர். அவருக்கே அதில் நம்பிக்கை இல்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது. இருந்தும் விமானம் ஏறினோம்.

வளைகுடாவில் இறங்கி அடுத்த விமானத்துக்குக் காத்திருந்தபோது அம்மா கிடைத்தாள். ஆஸ்பத்திரியில் இருந்தாள். “ஒரு பக்கம் கை கால் வரல. பேச்சு வரல. லேட்டா கொண்டாந்துட்டீங்கன்னு டாக்டர் திட்டறாரு. உசுரு இருக்குது” என்றாள்.

உடனே திரும்பி வருகிறேன் என்றேன். அவள் போட்ட சத்தத்தில் பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“வராத! நீ பாதில வந்து நின்னா, தான் சாகப் போறோம்னு அவரே முடிவு பண்ணிடுவாரு.”

கணவர் என் முடிவுக்கு விட்டுவிட்டார். அதற்காக அன்று அவர்மேல் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யாராவது என்னை இழுத்துக்கொண்டு போயிருக்கக் கூடாதா என்று இருந்தது. ஜெர்மனி விமானத்தில்தான் ஏறினேன்.

அப்பா பிழைத்துக்கொண்டார். பேச்சு வர மாதக்கணக்கானது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில், ஒவ்வொரு வார்த்தையாகத் தேடிப் பிடித்துச் சொன்னார்.

“அன்னிக்கு... நான் தூங்கல. நீங்க பேசிக்கினது... எல்லாம் கேட்டுது. கூப்ட்டேன். வாய் வரல.”

போனைப் பிடித்திருந்த அம்மா அதைக் கை மாற்றி மாற்றிப் பிடித்தாள். அவர் முகம் திரையை விட்டு நகர்ந்து நகர்ந்து வந்தது.

“நல்லதாத்தான் போச்சு. வாய் வந்திருந்தா... நீ போயிருக்க மாட்ட.”

எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொன்னார். அதைக் கேட்ட பிறகு என்னால் எந்த ஆறுதலையும் நம்ப முடியவில்லை. இங்கே விடுமுறை மதியங்களில் என் கணவர் அசந்து தூங்கினால் தோளைத் தட்டி எழுப்பிவிடுகிறேன். எதற்கு என்று அவர் கேட்பதில்லை. கண்ணைத் திறக்காமலே, “இருக்கேன்” என்கிறார்.