ஆளுக்கு இரண்டு மெமரி

எங்கள் அம்மாவிடம் ஒரு நியாயம் இருந்தது. வெளிநாட்டிலிருந்து எது வந்தாலும் தன் அண்ணனுக்கும் தம்பிக்கும் சரிபாதி. சொக்லேட் என்றாலும் சரி, சேட்டுத் துணி என்றாலும் சரி. அந்த நியாயத்தால் நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

சண்டையால் யாழ்ப்பாணத்தில் மின்சாரமே இல்லாத அந்த நாட்களில் என் இரண்டு மாமாமாரும் கொம்பியூட்டர் வகுப்பு நடத்தினார்கள். பெரியமாமா நல்லூரில், சின்னமாமா கோப்பாயில், எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில். முதலில் ஒன்றாகத்தான் தொடங்கினார்கள். பிறகு எதற்கோ கொழுவி, ஆளுக்கொரு மெசினைத் தூக்கிக்கொண்டு பிரிந்து, முகம் கொடுத்துக் கதைப்பதையும் விட்டுவிட்டார்கள். இருவரும் கால் வைக்கிற ஒரே வீடு எங்களுடையது. அதுவும் ஒருவர் வந்து போன பிறகுதான் மற்றவர் வருவார்.

மெசின் ஓட ஜெனரேட்டர் வேண்டும், ஜெனரேட்டருக்கு மண்ணெண்ணெய் வேண்டும். மண்ணெண்ணெயோ குதிரைக்கொம்பு. அதைக் குடித்துக்கொண்டு சின்னமாமாவின் மெசின் ஆடி அசைந்து ஒரு படத்தைத் திரையில் கொண்டுவருவதற்குள் எனக்கு ஒதுக்கிய நேரம் முடிந்துவிடும். மெமரி காணாது, கூட்டினால் பறக்கும் என்பார் மாமா. கூட்டாவிட்டால் வகுப்பை மூடவேண்டியதுதான் என்றும் ஒருநாள் சொன்னார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இதைக் கேள்விப்பட்டுக் கனடாவிலிருந்து சின்னம்மா நாலு மெமரித் துண்டுகள் அனுப்பினார். வடக்குக்குக் கொண்டுவரக்கூடாதென்று அரசாங்கம் தடைசெய்த சாமான் என்பதால் பால்மா டின்னுக்குள் ஒளிந்து, தெரிந்த ஒருவரின் கையில் கிளாலிக் கடல் தாண்டி வந்து சேர்ந்தன. அம்மா மாவைத் தட்டித் துடைத்தார். பிறகு பலகாரம் பங்கு பிரிக்கிற மாதிரி ஆளுக்கு இரண்டு!

ஒவ்வொரு மெசினிலும் நாலு துண்டு பூட்டத்தான் இடம். மாமாமார் தத்தம் வீட்டில் பழையதில் இரண்டைக் கழற்றிவிட்டுப் புதியதைப் பூட்டினார்கள். ஜெனரேட்டரை இழுத்து மெசினைப் போட்டால், திரையில் மெமரியை எண்ணிக்கொண்டு போகிற இலக்கம் பழைய இடத்திலேயே வந்து நின்றது. ஒரு இம்மி கூடவில்லை. சின்னமாமா புத்தகத்தைப் புரட்டிக் காரணம் கண்டுபிடித்தார். நாலும் ஒரே அளவாக இருக்க வேண்டுமாம். இரண்டு சின்னது கிடந்தால் பெரியதையும் அது சின்னதாகத்தான் எண்ணுமாம். நல்ல மாட்டை நொண்டி மாட்டோடு பூட்டிய கதைதான்.

நான் நல்லூருக்குச் சைக்கிளை மிதித்தேன். பெரியமாமாவின் மெசினிலும் அதே சீத்துவம். அவருடைய இரண்டையும் தரச்சொல்லிக் கேட்டேன். தம்பி வந்து கேட்டால் உடனே கழற்றித் தருவாராம். திரும்பி வந்து சொன்னால், மூத்தவர்தான் முதலில் கதைக்க வேண்டும் என்கிறார் சின்னமாமா. அப்படியென்றால் உங்கள் இரண்டையாவது அவருக்குக் கொடுங்கள் என்றேன்.

“என்ரை பங்கை நான் ஏன் குடுக்கிறது?”

வெயிலில் மறுபடி நல்லூர், மறுபடி கோப்பாய். படித்த மனிதர்கள்! ஊருக்கே கொம்பியூட்டர் சொல்லிக்கொடுக்கிறவர்கள்! எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. படலையைத் தள்ளித் திறந்து, சைக்கிளை மதிலோடு எறிந்துவிட்டுக் குசினிக்குள் போய் அம்மாவிடம் கத்தினேன். ஒன்றும் தெரியாமல் பிரித்துக் கொடுத்து எல்லாவற்றையும் பாழாக்கிவிட்டீர்கள் என்று வாயில் வந்ததெல்லாம் சொன்னேன்.

அம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“கொண்டுவந்த ஆள் அண்டைக்கே சொன்னது, நாலையும் ஒரு மெசினுக்குத்தான் போடவேணுமெண்டு.”

“பிறகேன் பிரிச்சனீங்கள்?”

“ஆருக்குக் குடுத்தாலும் மற்ற ஆள் இந்தப் படலைக்குள்ளை வராது, பிள்ளை.”

வராவிட்டால் என்ன, ஒரு மெசினாவது ஒழுங்காக ஓடியிருக்குமே என்றுதான் எனக்குப் பட்டது. அதை அம்மாவின் முகத்துக்கு நேரே சொல்லவும் செய்தேன்.