கோமதியின் முயல்களும் நல்லெண்ணெயும்

முயல் வளர்ப்பது சுலபம். எதற்கு வளர்க்கிறாய் என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்வதுதான் பெரும்பாடு. கோழியோ வாத்தோ வளர்த்து ஊர் வாயில் விழுந்து எழுந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

தொண்ணூறுகளின் நடுவில் விக்கிரமசிங்கபுரத்தில் ஆறு அங்கோரா முயல்களை வளர்த்தேன். நாங்கள் சைவக் குடும்பம். ரோமத்துக்காக மட்டும் வளர்ப்பதென்றால் பாவமில்லை என்று என் மனைவி கோமதி சம்மதித்தாள். கொடைக்கானல் பக்கத்துப் பண்ணைக்காரர் முயல்களைக் கொடுக்கும்போதே, "இதுங்க குளிர்ப் பிராணி சார். முதல் கோடையைத் தாண்டுமான்னு பாருங்க" என்று சொல்லித்தான் அனுப்பினார்.

கறிக்கு இல்லை

துபாயிலிருந்து லீவில் வந்திருந்த அடுத்த தெரு மைதீன் பாய், ஒரு முயலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "கிலோ எப்படி?" என்றார். கறிக்கு இல்லை, இரண்டரை மாதத்துக்கு ஒருமுறை ரோமத்தை வெட்டிக்கொண்டு திரும்பக் கூண்டில் விட்டுவிடுவோம், தீனி போடுவோம் என்று விளக்கினேன். முயலைப் பைய இறக்கிவிட்டார்.

"நமக்கும் முடிய வெட்டிவிட்டு மூணு வேளைச் சோறும் போட ஆள் இருந்தா, நான் எதுக்கு அண்ணாச்சி துபாய்க்குப் போறேன்?"

நூல் தெரிந்தவர்

எதிர்வீட்டு இசக்கி மில்லில் நூற்கிற வேலை பார்த்தார். ஒரு கொத்து ரோமத்தை வாங்கி விரலிடையில் திரித்தார். தலைமுடியைவிட மெல்லிய நூல் வந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவரோ நூலை விட்டுவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டிருந்த முயலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஷிப்ட் முடிஞ்சு வீட்டுக்குப் போனா நான் முதல்ல சட்டையத்தான் கழத்துதேன். இதுக்கு அதுகூட முடியாதுல்லா, பாவம்."

ஃபேன்

அக்கினி நட்சத்திரம் பிறந்தது. கூண்டைச் சுற்றி ஈரச்சாக்கு கட்டினேன். எங்கள் டேபிள் ஃபேனைக் கொட்டகைக்குக் கொண்டுபோனேன். மூன்றாம் நாள் உச்சிவெயிலில் நான் கடைத்தெருவுக்குப் போயிருந்தபோது ஃபேன் நின்றுவிட்டது. திரும்பி வந்து பார்த்தால், இருப்பதில் பெரிய முயல் கால் நீட்டிக் கிடந்தது. கையில் எடுத்தபோது அழுதுவிட்டேன்; அதை மறைக்க என்ன இருக்கிறது? முருங்கைக்கு அடியில் புதைத்தோம். மறுநாள் காலையில், நடந்தது எதுவும் தெரியாத எலக்ட்ரீஷியன் ஃபேனைப் பிரித்தார். உள்ளே அடைத்திருந்த வெள்ளை ரோமத்தைக் கொத்துக்கொத்தாக வெளியே இழுத்துப் போட்டார்.

"அண்ணாச்சி, ஒரு முயலு உள்ளயில்லா இருக்கு!"

வெள்ளிக்கிழமை

மோட்டார் காயில் கருகிப்போனதால், புதுக் காயில் கட்டக் கொடுத்திருந்த ஃபேனை வாங்கிவரத் திருநெல்வேலி போனேன். திரும்பியபோது கொட்டகையில் சீயக்காய் வாசம். பெண் முயல்கள் மூன்றும் திரித்த விளக்குத்திரி மாதிரி ஒட்டிப்போய் உட்கார்ந்திருந்தன. கோமதி அவற்றுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டியிருந்தாள். அன்று வெள்ளிக்கிழமை என்பதால் பெண்களுக்கு மட்டும். ஆண்கள் இரண்டுக்கும் மறுநாள் சனிக்கிழமை என்று தனியாக எண்ணெய் எடுத்து வைத்திருந்தாள்! சிக்குப் பிடித்த அந்த ரோமம் இனி எதற்கும் ஆகாது. நான் கத்திய கத்தலில் தெருவே எட்டிப் பார்த்தது. அவளோ அசரவில்லை.

"உடம்புச் சூட்டுக்கு நல்லெண்ணெய் தேய்க்காம, ஃபேனையா தேய்ப்பாக?"

பண்ணைக்காரர் வந்தார்

வேறு வழியில்லாமல் மூன்றுக்கும் ரோமத்தை ஒட்ட வெட்டினேன். மறுநாள் பார்த்தால் அந்த மூன்றும் நிம்மதியாகத் தழை தின்றன. ரோமத்தோடு இருந்த ஆண்கள் இரண்டும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன. அப்போதுதான் இசக்கி சொன்ன சட்டை எனக்கு உறைத்தது. கோமதி எண்ணெய்க் கிண்ணத்தோடு வருவதற்குள் அவற்றுக்கும் வெட்டிவிட்டேன். ஒட்ட வெட்டிய உடம்பின் மேலேயே அவள் எண்ணெய் தேய்த்தாள்.

ஆனி மாதம் பாபநாசம் அருவிக்குக் குடும்பத்தோடு வந்த பண்ணைக்காரர், ஐந்து முயல்களையும் உயிரோடு பார்த்து அசந்துபோனார். கோடையை எப்படித் தாண்டின என்று கேட்டார். நான் கத்தரிக்கோல் என்று வாயெடுப்பதற்குள் கோமதி முந்திக்கொண்டு, "நல்லெண்ணெய்" என்று, வெள்ளிக்கிழமை பெண்ணுக்கும் சனிக்கிழமை ஆணுக்கும் தேய்த்ததைச் சொன்னாள். அவள் முகத்திலிருந்த சந்தோஷத்தைப் பார்த்ததும் நான் வாயை மூடிக்கொண்டேன். மனிதர் எழுதிக்கொள்ளச் சட்டைப்பையிலிருந்து குறிப்பு நோட்டை எடுத்தார்.

"வெள்ளி, சனி மட்டும்தானாம்மா, மத்த நாள்லயும் தேய்க்கலாமா?"

அதன்பின் ஒவ்வொரு கோடையிலும் வியாழக்கிழமை நான் கத்தரிக்கோலை எடுத்துவிடுவேன், வெள்ளிக்கிழமை அவள் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துவிடுவாள், முயல்கள் எங்கள் இருவரையும் பொறுத்துக்கொண்டு பிழைத்துக் கிடந்தன.