எமரால்டு ஜெயந்தி அக்காவும் கருப்பு ஸ்க்ரீனும்

ஜெயந்தி அக்கா இறந்துவிட்டார்...

நேற்று சாயங்காலம், ஊட்டியிலிருந்து அவர் ஊரான எமரால்டுக்குப் போகும் ரோட்டில், மழையில், ஸ்கூட்டர் மேல் மரம் விழுந்திருக்கிறது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே...

காலையில் அவர் கணவர் போன் செய்தார். "தம்பி, அக்கா இல்லீங்க தம்பி" என்றார். மீதியைப் பக்கத்தில் இருந்த யாரோ போனை வாங்கிச் சொன்னார்கள்.

குன்னூரில் ஒரு சின்ன கம்பெனியில் நாங்கள் பக்கத்துப் பக்கத்து சீட். மானிட்டரில் படம் வரவைக்கும் கிராஃபிக்ஸ் டிரைவர் எழுதுவதுதான் வேலை.

ஒரு தடவை எங்கள் அப்டேட்டுக்குப் பிறகு சில பழைய மானிட்டர்கள் கருப்பாகிவிடுவதாக கம்ப்ளெயின்ட். ஆபீஸில் இருந்ததெல்லாம் புதுசு, எதிலும் பிரச்சினை வரவில்லை. கேபிளைச் சரியாக மாட்டியிருக்க மாட்டார்கள் என்று மேனேஜர் முடித்துவிட்டார்.

மறுநாள் அக்கா தன் வீட்டுப் பழைய மானிட்டரைக் கம்பளியில் சுற்றி, ரெண்டு பஸ் மாறி, மடியில் வைத்துக் கொண்டுவந்தார்.

மாட்டினோம். கருப்பு.

"இது பொய் சொல்லுதுங்க. தாங்காத ரெசல்யூஷனயும் தாங்கும்னு சொல்லுது. நம்ம டிரைவர் அப்படியே நம்பிருது" என்றார் அக்கா.

மானிட்டர் தாங்காத மோடு, அதாவது ரெசல்யூஷன், வந்தால் எரர் காட்டி நிறுத்துகிற மாதிரி நான் கோடு எழுதினேன். அக்கா படித்துவிட்டுத் திரும்பினார்.

"ஏனுங்க தம்பி, ஸ்க்ரீனே கருப்பா கெடக்கு. உங்க எரர எதுல படிப்பாங்க?"

அப்புறம் அவரே எழுதினார். ஒவ்வொரு மோடையும் அந்த மானிட்டர் நிஜமாகத் தாங்கும் அளவோடு ஒத்துப் பார்ப்பது, மீறினால் தள்ளிவிட்டு அடுத்த சின்ன மோடுக்கு இறங்குவது... "சிறுசா தெரிஞ்சாலும் பரவால்லீங்க. தெரியோணும்."

மதியத்துக்குள் படம் வந்துவிட்டது. ஆபீஸே எழுந்து நின்று பார்த்தது. அக்கா மட்டும் டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட உட்கார்ந்துவிட்டார்.

போன வருஷம் கம்பெனியில் ஆட்களைக் குறைத்தார்கள். அக்காவையும்.

அதன் பிறகு ஊட்டியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் டைப்பிங் வேலை. தினமும் ஸ்கூட்டரில்தான் போய் வந்தார்.

போன வாரம் பேசினார். "வூட்ல இருந்தே பாக்கற மாதிரி ஏதாச்சும் ஓப்பனிங் இருந்தா சொல்லுங்க தம்பி. மழைல ஸ்கூட்டர் ஓட்ட பயமா இருக்குங்க."

தெரிந்த இடங்களில் எல்லாம் கேட்டேன். யாரும் பதில் போடவில்லை.

மதியம் அக்காவை வீட்டுக்குக் கொண்டுவருகிறார்களாம். வழியில் மண் சரிந்து, எமரால்டுக்கு முன்னால் இத்தலார் என்ற ஊரிலேயே பஸ் நின்றுவிட்டது.

மீதி தூரம் நடந்து வந்துகொண்டிருக்கிறேன், அக்கா...