கழுவியிருக்கக் கூடாத துணி

ஒஸ்லோவின் குரோருட் பகுதியில் எங்கள் மாடிக் குடியிருப்பில் இருந்த தமிழ் வீடுகள் எல்லாவற்றிலும் ஒரு சட்டம் இருந்தது. மீன் பொரிப்பதற்கோ கறித்தூள் வறுப்பதற்கோ முன்னால், வாசலில் தொங்குகிற குளிர் ஜாக்கெட்டுகளை அள்ளிக்கொண்டுபோய்ப் படுக்கையறை அலுமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிட வேண்டும். ரயிலில் பக்கத்தில் இருப்பவர் மூக்கைச் சுளித்துக்கொண்டு எழும்பிப் போவதைப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த வெட்கம் தெரியும். நான் இதில் மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதல். சவுக்காரம் போட்டுக் கழுவாத ஒரு பொருளும் என் வீட்டில் இல்லை. என் மனுசன் ஒருநாள், "கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தால் என்னையும் தோய்ச்சுக் காயப்போட்டிடுவாய்," என்றார்.

அந்தச் சுத்தப் பைத்தியத்தால்தான் எனக்கு வேலையும் கிடைத்தது. இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. நகரத்தில், பள்ளிப் பிள்ளைகள் வந்து பார்க்கிற ஒரு சின்ன விலங்குக் காட்சியகத்தில் துப்புரவு வேலை. கண்ணாடிப் பெட்டிகளில் பாம்புகளும் பல்லிகளும் இருந்தன. அவற்றை நான் கண்ணெடுத்தும் பார்ப்பதில்லை. நடுவில் மணல் நிரப்பிய பெரிய கூடம் ஒன்றில் பதினொரு மீர்கட்டுகள் இருந்தன. அவற்றுக்காகத்தான் நான் ஏழு மணி வேலைக்கு ஆறரைக்கே போய் நிற்பேன்.

மீர்கட் கீரிக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆனால் எங்கள் ஊர்க் கீரி தன்பாட்டில் தனியாகத் திரியும். இதுவோ ஒருநாளும் தனியாக இருக்காது. தென்னாபிரிக்காவின் வறண்ட மணல்வெளிதான் இதன் சொந்த இடம். காலையில் வளையை விட்டு வந்ததும் பின்னங்காலில் நிமிர்ந்து நின்று, மயிர் குறைந்த கறுத்த வயிற்றை வெயிலுக்குக் காட்டிச் சூடேற்றிக்கொள்ளும். ஒஸ்லோவில் மார்கழி மாதத்தில் வெயிலுக்கு எங்கே போவது? கூரையில் தொங்கிய வெப்ப விளக்குக்குக் கீழே பதினொன்றும் வரிசையாக நிற்கும். கண்ணைச் சுற்றிய கறுப்பு, கூசும் வெளிச்சத்தைத் தாங்குவதற்காம். எனக்கென்னவோ, அழுது மை கரைந்த கல்யாணப் பெண்கள் மாதிரித்தான் தெரிந்தன.

பிறகு ஒன்று உயரக் கல்லில் ஏறிக் காவல் நிற்கும், மற்றவை மணலைக் கிண்டிப் பூச்சி தேடும். கண்ணாடிக் கூரைக்கு மேலே ஒரு காகம் பறந்தால் போதும், காவல் நிற்பது ஒரு சத்தம் போடும். அடுத்த நொடி கூடத்தில் ஒன்றையும் காணக் கிடைக்காது. கூட்டத்துக்கு ஒரு தலைவி உண்டு. குட்டி போடுவது பெரும்பாலும் அவள்தான். மற்றப் பெண்கள் அவளின் குட்டிகளைக் காவல் காத்து, தங்கள் வாய்க்குள் போக இருந்ததை ஊட்டி வளர்க்கும். தேளைப் பிடித்தால் கொடுக்கைக் கடித்து எடுத்துவிட்டுத்தான் குட்டியிடம் கொடுக்குமாம். இதையெல்லாம் எனக்குச் சொன்னவள் அங்கே விலங்குகளைப் பராமரித்த நோர்வேஜியப் பெண். என்னைவிடப் பத்து வயது இளையவள், வாயைத் திறந்தால் மீர்கட்தான்.

பதினொன்றில் ஆகச் சின்னவள் என் செல்லம். நான் கண்ணாடி துடைக்கும்போது துணி போகிற பக்கமெல்லாம் கூடவே ஓடிவருவாள். தை மாதத்தில் அவள் எதையோ விழுங்கி வயிறு வீங்கிப் போனாள். மிருக வைத்தியரிடம் கொண்டுபோய், வயிற்று மயிரை மழித்து அறுவைச் சிகிச்சை செய்து, இரண்டு நாள் கழித்துக் கொண்டுவந்தார்கள். பராமரிப்பாளர் கூண்டைப் பின்னறையில் வைத்துவிட்டுத் தொலைபேசியில் பேசப் போனாள்.

நான் எட்டிப் பார்த்தேன். சின்னவள் மருந்துச் சோர்வில் சுருண்டு கிடந்தாள். அவளுக்குக் கீழே ஒரு பழைய கம்பளித் துணி. சீ, என்ன நாற்றம்! மூத்திரமும் மண்ணும் ஊறிப்போன துணி. எங்கள் வீட்டில் ஆஸ்பத்திரியால் வருகிறவர் உடுப்பை வாசலிலேயே கழற்றித் தண்ணீரில் போட்டு, தலைமுழுகிவிட்டுத்தான் உள்ளே வருவார். நோய் வருத்தத்தையும் துடக்குத் தீட்டையும் வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. அந்தத் துணியைச் சவுக்காரத் தண்ணீரில் ஊறப்போட்டேன். கூண்டைத் தேய்த்துக் கழுவினேன். இளஞ்சூட்டுச் சவுக்காரத் தண்ணீரில் வேறொரு துணியை நனைத்துச் சின்னவளின் முதுகையும் கழுத்தையும் துடைத்து, புதுத் துவாயில் கிடத்தினேன். வாசமாக, வடிவாக இருந்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பத்து மணிக்கு, பராமரிப்பாளர் தொலைபேசியில் இருக்கும்போதே, மற்ற வேலையாட்கள் அவளைக் கூடத்துக்குள் விட்டார்கள். தலைவி ஓடிவந்து மோந்தாள். அடுத்த கணம் வால் நெட்டுக்குத்தாக நிமிர்ந்தது, உடம்பு மயிர் சிலிர்த்தது. பத்தும் ஒன்றாகச் சேர்ந்து துள்ளித் துள்ளி வந்து சின்னவள்மேல் விழுந்தன. பராமரிப்பாளர் ஓடிவந்து ஒரு பலகையைக் குறுக்கே தள்ளி அவளை வெளியே எடுத்தபோது காதாலும் கழுத்தாலும் இரத்தம் வடிந்தது. அவளைத் தூக்கியவள் முதுகை மோந்து பார்த்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீ இவளைக் கழுவினாயா?"

"ஓம்," என்றேன். பயத்தில் தமிழ்தான் வந்தது.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நல்லாயிருந்திருக்கும், நானும் திருப்பிக் கத்தியிருப்பேன். ஆறுதலாக விளங்கப்படுத்தினாள்: அந்த நாற்றத் துணி, கூட்டம் படுக்கிற பெட்டியிலிருந்து அவளே வேண்டுமென்றே எடுத்து வைத்தது. மீர்கட்டுகள் தங்கள் ஆளை மணத்தால்தான் அறியும். கூட்டத்தின் மணம் போய்விட்டால் கூடப் பிறந்ததும் எதிரிதான். "தனியாகவும் வைத்திருக்க முடியாது. தின்னாமல் வாடிப்போகும். இரண்டு வாரத்தில் கூட்டம் இவளைத் திரும்பச் சேர்க்காவிட்டால், வைத்தியர் ஊசி போட்டுக் கதையை முடித்துவிடுவார்," என்றாள்.

எனக்கு யாரும் சொல்லவில்லை என்று சொல்லியிருக்கலாம். அது உண்மையும்தான். ஆனால் வீட்டுக்கு வந்து சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருந்துகொண்டு, நடந்ததைச் சொல்லிச் சொல்லி அழுதேன்.

"ஒரு கீரிக்காகவே இப்படி அழுகிறாய்? உனக்கென்ன விசரே?" என்றார் மனுசன்.

"கீரியோ கிளியோ, நான்தான் அதைக் கொல்லப் போறன். உங்களுக்கு விளங்காட்டிச் சும்மா இருங்கோ!" என்று சீறினேன். அவர் பாவம், என் சோற்றுக் கோப்பையை மூடிவைத்தார்.

அடுத்த நாள் பராமரிப்பாளரிடம் என் உடைந்த நோர்வேஜிய மொழியில் சொன்னேன்: "நான் மணத்தை எடுத்தேன். நான்தான் திரும்ப வைப்பேன்." அவளுக்குச் சிரிப்பு வந்தது, ஆனாலும் ஒத்துக்கொண்டாள். கூடத்தை ஒட்டிக் கம்பிவலை அடித்து, அந்தப் பக்கம் சின்னவளை வைத்தோம். காலையும் பின்னேரமும் கூட்டம் படுத்த துணியை எடுத்து அவளுக்குக் கீழே விரிப்பேன். அவள் படுத்ததைக் கொண்டுபோய்க் கூட்டத்தின் பெட்டிக்குள் வைப்பேன். தலைவி மூத்திரம் பெய்த மணலை அள்ளிவந்து அவளின் கூண்டில் தூவுவேன். இதைச் செய்கிற கையில் சவுக்கார வாசம் இருக்கலாமா? கூடாது. ஆகவே இரண்டு வாரத்துக்குச் சவுக்காரமும் இல்லை, வாசனை எண்ணெயும் இல்லை, வேலைக்குப் போட்ட மேற்சட்டை தோய்ப்பதும் இல்லை. வெறும் தண்ணீரில் குளித்தேன்.

நாலாம் நாள் மகள் மூக்கைப் பொத்தினாள். "அம்மா, சத்தியமா நீங்கள் மணக்கிறியள். டி-பான் ரயிலிலை எனக்குப் பக்கத்திலை இருக்காதேங்கோ, என்ரை கிளாஸ் பிள்ளையள் வருவினம்." வெள்ளிக்கிழமை கோவிலில் எனக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் மெல்ல மெல்லத் தள்ளி இருந்தார்கள். செத்துப் போகலாம்போல வெட்கமாக இருந்தது. ஆனால் எழும்பி வரவில்லை. பூசை முடியும்வரை நடு மண்டபத்தில் குந்தியிருந்தேன்.

முதல் வாரம் தலைவி வலையைக் கடித்தாள், வலைக்குக் கீழே கிண்டினாள். சின்னவள் இந்தப் பக்கத்தில் வயிறு நிலத்தில் பட அப்படியே சப்பையாகக் கிடப்பாள். தின்னவும் மாட்டாள். நான் புழுவை ஒவ்வொன்றாக வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு இருப்பேன். பத்தாம் நாள் காட்சியகப் பொறுப்பாளர் வந்து பார்த்துவிட்டு, இதை இழுத்துக்கொண்டிருப்பது அந்தப் பிராணிக்கும் கொடுமை என்றார். "பதினாலு நாள் என்றால் பதினாலு நாள்," என்றேன். துடைப்பத்தைக் கையில் பிடித்துக்கொண்டு சொன்னதால் கொஞ்சம் பயந்திருப்பார். பன்னிரண்டாம் நாள் ஒரு ஆண் மீர்கட் வந்து வலையின் அந்தப் பக்கத்தில் சாய்ந்து தூங்கியது. சின்னவள் தன் முதுகைக் கொண்டுபோய் அதே இடத்தில் வலையோடு ஒட்டிவைத்தாள். அதைப் பார்த்த பிறகு என்னை யாரும் அசைக்க முடியாது.

பதினாலாம் நாள் வலையைத் தூக்கினோம். தலைவி வாலை உயர்த்திக்கொண்டு வந்தாள். சின்னவள் நிலத்தோடு ஒட்டிக்கொண்டாள். தலைவி கழுத்தைக் கவ்வினாள். பராமரிப்பாளர் பலகையைத் தூக்க, நான் அவளின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தேன். "பொறு!" என்றேன், அதுவும் தமிழில்தான். எங்கே இருந்து அந்தத் துணிவு வந்தது என்று இன்றைக்கும் தெரியாது. தலைவி விட்டாள். தன் பின்பக்கத்தைச் சின்னவளின் முதுகில் அழுத்தித் தேய்த்துத் தன் மணத்தைப் பூசிவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் மணலைக் கிண்டப் போய்விட்டாள். அன்று முழுக்க அங்கொரு கடி, இங்கொரு விரட்டல். மூடும்வரை நான் கண்ணாடிக்கு முன்னால்தான் நின்றேன். வேலை முடிந்து எத்தனையோ மணி நேரம் ஆகிவிட்டது.

மறுநாள் காலை பராமரிப்பாளர் எனக்கு முன்னமே வந்து, படுக்கைப் பெட்டியின் பக்கக் கண்ணாடியில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றாள். கூடத்தில் எந்த மூலையிலும் தனியாக ஒன்றும் கிடக்கவில்லை. பெட்டிக்குள் பதினொன்றும் ஒன்றின்மேல் ஒன்றாகக் குவிந்து தூங்கின. வாலும் காலும் மூக்கும் யாருடையது எது என்று இல்லாமல் கிடந்தன. மழித்த வயிறும் கடிபட்ட காதும் அந்தக் குவியலுக்குள் எங்கேயோ மறைந்திருந்தன.

"எது அவள்?" என்று கேட்டாள்.

நான் குனிந்து பார்த்தேன். இந்தப் பக்கம் போய்ப் பார்த்தேன், அந்தப் பக்கம் போய்ப் பார்த்தேன். இரண்டு வாரமாக நான் கையால் ஊட்டிய முகம் அது.

"தெரியவில்லை," என்றேன். சொல்லி முடிக்குமுன் எனக்கு அழுகை வந்துவிட்டது.