றெஜினா அக்கா முன்னால் சாய்ந்த டேக்

கெமரா பழக வருகிற பிள்ளைகள் எல்லோரும் என்னிடம் முதலில் கேட்பது ஒரே கேள்விதான். "அண்ணா, எந்தக் கெமரா வாங்கிறது?" கையில் இருக்கிற ஃபோனே போதும் என்றால் முகம் சுருங்கிவிடும். பதினாறு வருடமாக இந்தத் தொழிலில் கிடக்கிறேன். கல்யாண வீடு, விளம்பரம், டெலிநாடகம் எல்லாம் பிடித்தாயிற்று. நான் கெடுத்த ஷொட்களில் ஒன்றுகூடக் கெமராவால் கெட்டதில்லை. எல்லாம் என் மண்டையால் கெட்டவை. அவற்றில் மன்னிக்க முடியாத ஒன்றை எழுதுகிறேன். எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

1. ட்யூப் லைட்

முதல் குறும்படம் எடுக்க நினைத்தபோது என்னிடம் சொந்தமாக இருந்தது ஒரு பழைய லெப்டொப் மட்டும். கெமரா, கொழும்பு கொம்பனித்தெருவில் நாங்கள் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் அண்ணன் ஒருவருடையது. கல்யாண வீடியோ எடுப்பவர். கல்யாணம் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் மலிவு வாடகைக்குத் தருவார். முகத்துக்கு வெளிச்சம் திருப்பும் ரிஃப்ளெக்டர் வாங்க வசதியில்லை. டீவி வந்த பெட்டிக்குள் இருந்த வெள்ளை ரெஜிஃபோம் அட்டையைப் பிடித்துச் சமாளித்தோம். ஒலிக்கு, நடிப்பவரின் மடியில் ரெக்கோர்ட் போட்ட ஒரு ஃபோன்.

கதை எளிமையானது. ஒரு தாய், வெளிநாட்டில் இருக்கும் மகனுக்குக் கடையிலிருந்து ஃபோன் எடுக்கிறாள். மகன் ஃபோனை வைக்க அவசரப்படுகிறான். அவ்வளவுதான். வெள்ளவத்தையின் பெரிய தெருவான காலி வீதியில் ஃபோன் கூடுகள் வைத்த ஒரு கொமியூனிகேஷன் கடை இருந்தது. முதலாளி ஞாயிற்றுக்கிழமை பூட்டியிருக்கும்போது எடுக்க விட்டார். தாயாக நடித்தது அந்தக் கடையிலேயே ஃபோட்டோக் கொப்பி எடுக்கும் றெஜினா அக்கா.

அக்கா கொட்டாஞ்சேனை. தினமும் இரண்டு பஸ் மாறி வருவார். அப்போது நாற்பது வயது இருக்கும். தவக்காலத்தில் அவருடைய கோவிலில் போடும், யேசுவின் பாடுகளைக் காட்டும் பாஸ்கு நாடகத்தில், ஒன்பது வருடமாகச் சிலுவையடியில் நிற்கும் மாதா அவர்தான். நான் நடிக்கக் கேட்டதும், கொப்பி மெஷினை நிற்பாட்டிவிட்டுச் சிரித்தார்.

"என்னையா? உண்மையாவா தம்பி? கெமரா முன்னால நிக்கிறது எனக்குச் சின்ன வயசு ஆசை."

முதல் ஞாயிறு எடுத்ததெல்லாம் குப்பை. லெப்டொப்பில் போட்டுப் பார்த்தால் படம் முழுக்கக் கறுப்புப் பட்டி பட்டியாக ஓடுகிறது. நானா பார்த்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"மகன், ட்யூப் லைட்டு இமைக்கிறது கண்ணுக்குத் தெரியாது, கெமராவுக்குத் தெரியும். ஷட்டர ஐம்பதுல வைங்க."

அன்றைக்கு நான் நேர்மையானவன். கடைக்குப் போய், "அக்கா, ஷட்டர் செற்றிங்கில நான் பிழை விட்டிட்டன். எல்லாம் பழுதாப் போச்சு" என்றேன்.

"இதுக்கா இப்படி முழிக்கிறீங்க? வாற ஞாயிறு பூசை முடிஞ்சதும் வாறேன், போங்க" என்றார். அப்படியே வந்தார்.

2. ஐம்பது லென்ஸ்

அந்தக் காலத்தில் எங்களுக்கெல்லாம் ஒரு பைத்தியம் இருந்தது. பின்னணி கரைந்து, லைட்டுகள் வட்ட வட்டமாகத் தெரிய வேண்டும். அப்படி வந்தால்தான் சினிமா. அதற்கு மலிவான வழி, ஐம்பது எம்எம் லென்ஸை அப்பேச்சர் 1.8 வரைக்கும் திறந்துவிடுவது. திறந்தால் ஃபோகஸில் நிற்பது நாலு விரல் அகலத்துக்கும் குறைவு. கண் தெளிவாக இருந்தால் காது தெளிவில்லை.

இரண்டாம் ஞாயிறு முக்கியமான ஃபோன் காட்சி. அக்கா ஃபோன் கூட்டுக்குள் ஸ்டூலில் இருக்கிறார். பின்னால் கண்ணாடி, அதற்கப்பால் காலி வீதி. மாலை ஆறு மணி, பஸ் லைட்டுகள் எரியத் தொடங்கிவிட்டன. எடுக்கும் முன் அக்கா என்னை ஒரு பக்கம் கூப்பிட்டார்.

"தம்பி, எங்கட கோவில்ல ஒருத்தர் டெலிநாடகத்துக்கு ஆள் எடுக்கிறவரத் தெரியும் எண்டார். நடிச்ச துண்டு ஒண்டு காட்டினா கூப்பிடுவாராம். இந்த சீனை மட்டும் ஒரு பென் ட்ரைவ்ல போட்டுத் தருவீங்களா?"

"அதுக்கென்ன அக்கா, கட்டாயம் தாறன்" என்றேன்.

முதல் டேக் அப்பேச்சரைக் குறுக்கி, நாலில் வைத்து எடுத்தேன். நல்ல டேக். ஆனால் கொஞ்சம் இருட்டு, புள்ளி புள்ளியாக இருந்தது. பஸ் லைட்டுகள் வட்டமாக வரவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. 1.8க்குத் திறந்து, தையல் டேப்பால் லென்ஸிலிருந்து அக்காவின் கண் வரை அளந்து ஃபோகஸ் வைத்தேன். "அசையாதேங்கோ அக்கா" என்று சொல்லிவிட்டு இரண்டாம் டேக் எடுத்தேன்.

அக்கா நடித்தார். "சாப்பிட்டியா மகன்?" என்று கேட்டு, பதில் வருமுன் லைன் அறுந்ததும், ரிஸீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தார். அழவில்லை. சாய்ந்தபடியே, "சரி, வேலையைப் பார்" என்று அறுந்த லைனுக்குச் சொன்னார். ரெஜிஃபோம் பிடித்துக்கொண்டிருந்த என் நண்பன் கண்ணைத் துடைத்தான்.

நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? பின்னால் பஸ் லைட்டுகள் முட்டை முட்டையாக மிதப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கெமராவின் சின்னத் திரையில் எல்லாம் அற்புதமாகத் தெரிந்தது. இருந்தது ஒரே மெமரி கார்ட். அடுத்த ஷொட்டுக்கு இடமில்லை. முதல் டேக்கை அங்கேயே அழித்தேன்.

வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தேன். அக்காவின் முகம் ஈரச் சீலையால் துடைத்ததுபோல் கலங்கியிருந்தது. சாயும் முன் அவர் முகம் இருந்த அளவில், கூட்டின் பக்கச் சுவரில் ஒட்டியிருந்த "மெதுவாகக் கதைக்கவும்" மட்டும் எழுத்தெழுத்தாகத் தெளிவாகத் தெரிந்தது.

ஒத்திகையில் எடுத்த வீடியோ ஒன்று நண்பனின் ஃபோனில் இருந்தது. அதில் மூன்று தடவையும் அக்கா அதே இடத்தில்தான் முன்னால் சாய்கிறார். அவர் ஒழுங்காகத்தான் செய்திருக்கிறார். நான்தான் பார்க்கவில்லை.

3. படிக்கட்டு

ஏற்கனவே ஒரு ஞாயிறு வீணாக்கியாயிற்று. இன்னொன்று கேட்க மானம் விடவில்லை. திரையிடவும் நாள் குறித்துவிட்டோம். அந்தக் காட்சியை வெட்டி எறிந்து, வெறும் ரிஸீவர் தொங்குவதைப் போட்டு ஒப்பேற்றினேன்.

வெள்ளவத்தையில் ஒரு டியூஷன் மண்டபத்தில் திரையிட்டோம். அக்கா புதுச் சேலை உடுத்து, தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு முன்வரிசையில் இருந்தார். முடிந்ததும் படிக்கட்டில் என்னைப் பிடித்தார்.

"தம்பி, அந்த ஃபோன் சீன் எங்க?"

என் நண்பர்கள் நாலு பேர் பக்கத்தில் நிற்கிறார்கள். திரையில் கெமராமேன் என்று என் பெயர் போட்டு அரைமணி நேரம்கூட ஆகவில்லை.

"அது அக்கா... கொஞ்சம் ஓவராப் போச்சு. மேடையில செய்யிற மாதிரி. கெமராவுக்கு அடக்கி நடிக்கோணும்."

ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம். இங்கே கோணல் மேடை நான். பழியை ஆடியவள் தலையில் கட்டினேன்.

அக்கா புதுச் சேலைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்தார். பிறகு, "மன்னிச்சுக்கங்க தம்பி. உங்கட வேலையைக் கெடுத்துட்டேன்" என்றார். பென் ட்ரைவ் பற்றி அவர் கேட்கவில்லை. அதன் பிறகு கொப்பி எடுக்க நான் வேறு கடைக்குப் போனேன்.

4. கொட்டாஞ்சேனை

போன வருடம் ஒரு டெலிநாடகத்துக்குக் கெமரா செய்தேன். அம்மா பாத்திரத்துக்கு ஆள் கிடைக்காமல் டைரக்டர் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தார். "எனக்கு ஒருவரைத் தெரியும்" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. கொமியூனிகேஷன் கடை இப்போது ஃபோன் கவர் விற்கும் கடை. விசாரித்து விசாரித்துக் கொட்டாஞ்சேனை வீட்டைக் கண்டுபிடித்தேன்.

அக்காவுக்குத் தலை நரைத்திருந்தது. என்னை அடையாளம் கண்டு, கதிரை போட்டு, நெக்டோ சோடா ஊற்றித் தந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"ஐயோ, வேணாம் தம்பி. எனக்கு நடிப்பு வராது எண்டு நீங்கதானே சொன்னீங்க? நல்ல வேளை சொன்னீங்க. அந்த வருஷத்தோட பாஸ்குவில நடிக்கிறதையும் நிப்பாட்டிட்டேன். இப்ப உடுப்பு மட்டும் தைச்சுக் குடுக்கிறேன்."

சொல்லும்போது அவர் சிரித்துக்கொண்டிருந்தார். நெக்டோவைக் கீழே வைத்தேன். அந்தக் காட்சியை நான் அழித்திருக்கவில்லை, ஒவ்வொரு புது ஹார்ட் டிஸ்க்குக்கும் மாற்றிக்கொண்டே வந்தேன். ஃபோனிலும் இருந்தது. எடுத்துக் காட்டினேன்.

"அக்கா, நீங்க ஓவராச் செய்யேல்லை. ஃபோகஸ் பிழை. என்ர பிழை. அண்டைக்கு நான் பொய் சொன்னனான்."

அக்கா ஃபோனைக் கையில் வாங்கிப் பார்த்தார். முகம் தெரியாது, குரல் மட்டும் தெளிவு. "சரி, வேலையைப் பார்" என்றது அந்தப் பழைய குரல். திரும்பப் போடச் சொன்னார். மூன்று தடவை கேட்டார்.

"நல்லாத்தானே செய்திருக்கேன்" என்றார்.

"ஓம் அக்கா."

"இதை அண்டைக்கே சொல்லியிருக்கலாமே தம்பி. வாற ஞாயிறு வந்திருப்பேனே."

அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். ஃபோனைத் திருப்பித் தந்துவிட்டுத் தையல் மெஷினில் போய் இருந்தார். டெலிநாடகத்துக்கு வரவில்லை. இப்போது வசனம் மனதில் நிற்பதில்லையாம். அவர் தைத்துக்கொண்டிருந்தது நீலத் துணி. இந்த வருஷ மாதாவுக்கு என்றார்.

கெமரா பழக வருகிற பிள்ளைகளே, ஷட்டரை ஐம்பதில் வையுங்கள். ஒத்திகையில் லைட்டைப் பார்க்காதீர்கள், ஆளைப் பாருங்கள். இன்னொரு கார்ட் வாங்கும் வரை எந்த டேக்கையும் அழிக்காதீர்கள். இவற்றையெல்லாம் மறந்து படம் கெட்டுப்போனாலும் பரவாயில்லை. நடித்தவரிடம் போய், "என் பிழை, இன்னொரு ஞாயிறு வருவீங்களா?" என்று கேளுங்கள். வருவார்கள்.