கிரிசல் எறிந்த கரி

பிளாக்ரிக் நிலக்கரிச் சுரங்கத்து வாசலில் கரி பொறுக்கும் பெண்களில் கிரிசல் ஹாடோவின் கைக்குத்தான் எல்லாரும் பயப்படுவார்கள். சுரங்கத்தில் அவள் புருஷன் செத்ததும் கம்பெனி கொடுத்த வீட்டைப் பிடுங்க வந்த ஆளின் பல்லை உடைத்தவள். பாதிரியார் இரக்கப்பட்டு, சர்ச்சுக்குச் சொந்தமான குடிசையில் அவளைக் குடிவைத்தார்.

அந்தப் பனிக்காலத்தில் கூலியைக் குறைத்தார்கள். ஊரே வேலைநிறுத்தத்தில் இறங்கியது. உருளைக்கிழங்குத் தோலை வேகவைத்துத் தின்றார்கள். கிரிசலின் தம்பி நினியன் மனைவியை இழந்தவன். அவன் கைக்குழந்தை பாலுக்கு வீறிட்டது. பொறுக்க முடியாமல், ஒரு காலையில் போலீஸ் காவலோடு வேலைக்குக் கிளம்பிவிட்டான்.

பெண்கள் தகரத்தைத் தட்டிக்கொண்டு துரத்தினார்கள்.

"துரோகிப் பயலே! தின்ன சோறு செரிக்குமாடா உனக்கு?" என்று கத்தினாள் பக்கத்து வீட்டு மரியன். பிறகு கிரிசலைப் பார்த்து, "ஏண்டி, தம்பின்னதும் வாய் அடைச்சுப் போச்சோ?" என்றாள்.

கிரிசல் பதில் சொல்வதற்குள் போலீஸ் தடியோடு பாய்ந்தது. மரியனின் மண்டை பிளந்து பனியெல்லாம் ரத்தம். கிரிசல் கரிக்கட்டி ஒன்றைப் பொறுக்கினாள். போலீஸ்காரன் மேல் எறியவில்லை.

"எல்லாம் உன்னாலதாண்டா!"

நினியனின் இடது கண் போய்விட்டது.

கோர்ட்டில் அவன் பைபிள் மேல் கைவைத்து நின்றான். "எறிஞ்சது உன் அக்காதானே?" என்று வக்கீல் கேட்டார்.

"இல்லீங்க. போலீஸ் தடிதான் பட்டுச்சு."

கிரிசலை விட்டுவிட்டார்கள். போலீஸ் மேல் பழி போட்டதற்காகக் கம்பெனி அன்றே தன் வீட்டிலிருந்து அவன் சாமான்களைத் தெருவில் வீசியது. குழந்தையோடு அவள் வாசலில் வந்து நின்றான்.

"எங்க போறதுன்னு தெரியலக்கா."

"பிள்ளையக் குடு. உள்ள வா."

ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடிந்ததும் கூட்டம் குடிசையைச் சூழ்ந்தது. கல் பட்டு ஜன்னல் கண்ணாடி தொட்டிலுக்குள் சிதறியது. மரியனின் புருஷன் டாம் பர்டி கதவை உதைத்துத் திறந்தான். கிரிசல் அடுப்புக் கம்பியை உருவி அவன் மணிக்கட்டில் இறக்கினாள். எலும்பு முறிந்த சத்தம் வெளியே நின்றவர்களுக்கும் கேட்டது.

"அவன் செஞ்சதுக்கு அவன் கண்ண நானே எடுத்துட்டேன். இன்னும் என்னடா வேணும்? இந்தப் பச்சப் புள்ளையா?"

தலையில் கட்டோடு மரியன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். அலறிக்கொண்டிருந்த புருஷனின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"போதும், வாய்யா வீட்டுக்கு."

வசந்தம் வருமுன் வேலைநிறுத்தம் தோற்றது. நினியனைச் சுரங்கத்தில் யாரும் சேர்க்கவில்லை. ரோட்டுக்குக் கல் உடைத்தான். குழந்தை கிரிசலை அம்மா என்றே கூப்பிட்டு வளர்ந்தது. அவள் தம்பியிடம் மன்னிப்புக் கேட்டதில்லை. சர்ச்சுக்குப் போகும்போது மட்டும், அவன் எதிலும் இடித்துக்கொள்ளாமல் இருக்க, அவனுக்கு இடது பக்கமாகவே நடப்பாள். கோணிப்போன கையோடு எதிரில் வரும் டாம் பர்டி, சாகிறவரை, அவர்களைப் பார்த்துக் காறித் துப்பிவிட்டுத்தான் சர்ச்சுக்குள் போவான்.